மேலச்சுத் தபால் தலைகளும் அவற்றின் போலிகளும்: திருவிதாங்கூர் அஞ்சல் தரும் பாடம்

தபால் தலை என்பது, கடிதத்துக்குரிய கட்டணம் முன்னதாகவே செலுத்தப்பட்டது என்பதற்குச் சர்க்கார் அளிக்கும் பற்றுச் சீட்டாகும். தலை அச்சாகி முடிந்த பின்னர், வேறொரு தேவையை முன்னிட்டு அதன்மேல் மீண்டும் எழுத்தோ எண்ணோ பதிக்கப்படுமாயின், அந்த இரண்டாம் அச்சினை மேலச்சு என்கிறோம். மேலச்சானது தலையின் விலையையே மாற்றுமாயின் அதனை மதிப்பு மாற்றச்சு என்று பிரித்துக் கூறுவது சேகரிப்போர் வழக்கம். இரண்டும் ஒரே அச்சுமுறையால் உண்டாவன. போலி செய்வாரும் இரண்டையும் ஒரே வழியிற்றான் செய்கின்றனர். ஆதலின் இக்கட்டுரையில் மேலச்சு என்ற ஒரு சொல்லே இரண்டினையும் குறிக்கும்.

ஒரு தலையை முழுவதும் போலியாகச் செய்வது எளிதன்று. அதே வகைக் காகிதம் வேண்டும். காகிதத்தினுள் அமைந்த நீர்க்குறி வேண்டும். படத்தின் நுண்கோடுகள், வண்ணம், விளிம்புத் துளைகளின் அளவு, பின்புறப் பசை ஆகிய அனைத்தும் பொருந்த வேண்டும். மேலச்சைப் போலியாகச் செய்ய இவற்றுள் ஒன்றும் தேவையில்லை. சில காசுக்குக் கிடைக்கும் உண்மையான பழந்தலை ஒன்றும், நாலைந்து எழுத்துக்களும், சிறிது கருமையும் போதும். தலை உண்மையானது, காகிதமும் நீர்க்குறியும் உண்மையானவை, பொய்யாக உள்ளது அந்த நான்கு எழுத்து மட்டுமே. ஆகவே, தலையைச் சோதித்துவிட்டு மேலச்சினையும் நம்பிவிடுகிறவர் ஏமாறுவார். இதனை விளக்குவதற்குத் திருவனந்தபுரத்தில் அச்சாகி வழங்கிய தலைகளைவிடத் தக்க சான்று நம் பக்கத்தில் இல்லை எனலாம்.

துறைமுகமும் இரு தபால்களும்

திருவனந்தபுரம் கடலோர நகரமாயினும் பண்டு அதற்கு ஆழ்ந்த துறை கிடையாது. வலியதுறைக் கடலில் கப்பல்கள் கரைக்கு எட்டாத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் மனிதரும் படகுகளில் ஏறி இறங்கினர். சமஸ்தானத்தின் தலையாய துறைமுகமாக வடக்கே ஆலப்புழை விளங்கிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராஜா கேசவதாசின் முயற்சியால் வளர்ந்த அந்நகரில் மிளகு, ஏலம், கொப்பரை, கயிறு ஆகியவை கப்பலேறின. 1859-இல் கயிற்று விரிப்புத் தொழிற்சாலையும், 1862-இல் கலங்கரை விளக்கமும் அங்கு அமைந்தன. கொச்சித் துறைமுகம் 1920-களில் ஆழப்படுத்தப்பட்ட பின்னர் ஆலப்புழையின் வாணிகம் படிப்படியாகக் குன்றியது. திருவனந்தபுரத்துக்கு அருகே விழிஞ்ஞத்தில் ஆழ்துறைத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதோ 2025-ஆம் ஆண்டு மே திங்களிற்றான்.

இத்துறை நகரங்களில் கடிதப் போக்குவரத்து இரு வழிகளாக ஓடியது என்பதே தபால் வரலாற்றை ஆராய்வார் முதலில் மனத்திற் கொள்ள வேண்டுவது. ஒன்று பிரிட்டிஷ் இந்தியத் தபால். மற்றொன்று சமஸ்தானத்துக்கே உரிய 'அஞ்சல்'. ஆலப்புழையிலிருந்த ஓர் ஏற்றுமதி வணிகர் லண்டனுக்கு எழுதிய கடிதம் இந்தியத் தலையுடன் இந்தியத் தபால் நிலையம் சென்றது. அவரே கோட்டயத்திலோ நாகர்கோவிலிலோ உள்ள தம் முகவருக்கு எழுதிய கடிதம் சங்கு பொறித்த தலையுடன் அஞ்சலில் சென்றது. அஞ்சல் தலை சமஸ்தான எல்லைக்கு வெளியே செல்லாது. எனவே, அயல்நாட்டு முகவரி எழுதிய உறையில் திருவிதாங்கூர் அஞ்சல் தலை மட்டும் ஒட்டப்பட்டு, வேறு இந்தியத் தலையோ கட்டணக் குறியோ இன்றி இருப்பின், அந்த உறையை ஐயக்கண் கொண்டு நோக்குதல் வேண்டும்.

அஞ்சல் தொடக்கத்தில் சர்க்காரின் கடிதங்களையும் ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய பொருள்களையும் கொண்டு செல்லும் அமைப்பாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற்றான் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. மணி கட்டிய கோலைக் கையிலேந்தி ஓடிய அஞ்சலோட்டக்காரரை நினைவிற்கொண்ட முதியோர் தென் திருவிதாங்கூர்த் தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலம் இருந்தனர். ஆறு பட்டையாய்ச் சங்கு முத்திரையுடன் வார்க்கப்பட்ட அஞ்சற் பெட்டிகளுட் சில கேரளத்தில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன. தமிழில் தபாலுக்குப் பொதுச் சொல்லாக இப்பொழுது வழங்கும் 'அஞ்சல்' என்பது, ஒரு காலத்தில் இந்தத் துறைக்கு மட்டும் உரிய சிறப்புப் பெயராக இருந்தது. பழைய ஆவணங்களை மொழிபெயர்ப்போர் இதனை மறந்தால் இந்தியத் தபாலும் திருவிதாங்கூர் அஞ்சலும் ஒன்றெனக் கொள்ளும் குழப்பம் நேரும். ஆதலின் இக்கட்டுரையில் 'தபால்', 'அஞ்சல்' என்ற இரு சொற்களையும் பிரித்தே ஆளுகிறோம்.

சங்குத் தலைகள்

திருவிதாங்கூரின் முதல் தலைகள் 1888-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் வெளிவந்தன. வலம்புரிச் சங்கே அவற்றின் சின்னம். முதலில் வெளியானவை 1, 2, 4 சக்கரத் தலைகள். கோட்டமைப்புள்ள காகிதத்தில் முதலில் அச்சான இவை, பின்னர்ச் சங்கு நீர்க்குறி கொண்ட காகிதத்தில் அச்சாயின. திருவனந்தபுரத்திலிருந்த தலை அச்சு நிலையமே இவற்றை அச்சிட்டது.

நாணயக் கணக்கை ஆசிரியர்கள் மாணவர்க்கு முதலில் விளக்குதல் நன்று. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் சற்று மதிப்பு மிக்கது. அதற்கு 28½ சக்கரம்.

கட்டண வீதம் மாறும்பொழுது புதிய தலை அச்சிடத் தகடு செய்ய வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். கையிருப்பிலுள்ள தலையின்மேல் புதிய விலையை அச்சிடுவதோ சில நாள் வேலை. இவ்வகையில் 1906, 1921, 1932, 1943 ஆகிய ஆண்டுகளில் திருவிதாங்கூர் தன் தலைகளுக்கு மேலச்சு இட்டது. இவை தவிர, சர்க்கார் அலுவலகங்களின் பயனுக்கென 1911 முதல் 'ஆன் எஸ்.எஸ்.' என்ற ஆங்கில எழுத்துக்கள் பொறிக்கப்பட்டன. 'சர்க்கார் சேவையில்' என்பது அதன் பொருள். 1939-இல் அதற்கு மாறாக 'சர்வீஸ்' என்ற சொல் வந்தது.

ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் வழங்கிய அந்த 'ஆன் எஸ்.எஸ்.' மேலச்சு எப்பொழுதும் ஒரே உருவில் அமையவில்லை. எழுத்து தேயத் தேயப் புதிய எழுத்துக் கோக்கப்பட்டது. அச்சகத்தில் கிடைத்த எழுத்து எதுவோ அது பயன்பட்டது. பருத்ததும் மெலிந்ததும், உயர்ந்ததும் குள்ளமானதுமாகப் பல வகைகள் இன்று பட்டியல்களில் இடம்பெற்றுள்ளன. 'இது நான் பார்த்ததுபோல் இல்லை. எனவே போலி' என்று முடிவு கட்டும் அவசரம் சேகரிப்போரிடையே மிகுதி. உண்மையான மேலச்சுக்களுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு இருக்கும்பொழுது, வேறுபாடு ஒன்றே போலிக்குச் சான்றாகிவிடாது.

1949 ஜூலை முதல் நாள்

1949-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இணைந்தன. சக்கரமும் காசும் நீங்கி, அணாவும் பையும் கணக்காயின. புதிய ராஜ்யத்துக்கு உடனடியாகத் தலைகள் தேவைப்பட்டன. புதிய படம் வரைந்து அச்சிட நேரமில்லை. ஆகவே திருவிதாங்கூர்த் தலைகளின்மேல் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இந்திய நாணய விலை அச்சிடப்பட்டது. அச்சிட்ட வேகமும், இரு மொழிகளில் எழுத்துக் கோத்த சிரமமும் அந்தத் தலைகளில் அப்படியே படிந்துள்ளன. இந்திய மேலச்சுக்களில் இவற்றைப்போல் பிழை மலிந்தவை சிலவே.

இங்கு ஒரு கணக்கு உண்டு. எட்டாம் வகுப்பு மாணவரும் செய்யலாம். ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம் எனின் 456 காசு. அதே ரூபாய்க்கு 16 அணா எனின் 192 பை. ஆகவே ஒரு காசு 0.42 பை, ஒரு சக்கரம் 6.74 பை. இனி மேலச்சினை நோக்குவோம். 1 சக்கரத் தலை அரை அணா, அதாவது 6 பை ஆயிற்று. 2 சக்கரத் தலையின் நாணய மதிப்பு 13.5 பை, மேலச்சோ ஓர் அணா, 12 பை. 4 சக்கரம் 27 பைக்குச் சமம். மேலச்சு இரண்டு அணா, 24 பை. 7 சக்கரம் 47 பை. மேலச்சு மூன்று அணா, 36 பையே. 14 சக்கரம் 94 பை. மேலச்சு ஆறு அணா, 72 பை. 6 காசுத் தலையின் மதிப்பு இரண்டரைப் பை. அது 2 பை ஆயிற்று. இந்த ஆறு தலைகளிலும் மதிப்புக் குறைந்திருக்க, 8 காசுத் தலை மட்டும் 3.4 பையிலிருந்து 4 பையாக உயர்ந்தது. எனவே இம்மேலச்சு நாணயச் செலாவணி விகிதத்தைப் பின்பற்றியதன்று. கையிருப்புத் தலைகள் புதிய கட்டணப் படிகளுக்கு ஏற்பப் பெயர் மாற்றப்பட்டன என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

கீழுள்ள படங்களும் தமிழ் வாசகர்க்கு அயலானவையல்ல. 1939-இல் மன்னரின் பிறந்த நாளையொட்டி வெளியான வரிசையில் அஷ்டமுடிக் காயல், கன்னியாகுமரி, பேச்சிப்பாறை நீர்த்தேக்கம் ஆகியவை இடம்பெற்றன. பின்னிரண்டும் இன்று தமிழ் நாட்டினுள் உள்ளன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளும் செங்கோட்டையும் சென்னை ராஜ்யத்துடன் சேருமுன்னரே, 1951-இல் அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையுடன் இணைந்து மறைந்தது. ஆகவே இம்மேலச்சுத் தலைகள் வழங்கிய காலம் மிகச் சிறிது. ஒரு நாணயம் மறைந்து மற்றொன்று வந்ததற்கும், இரு சமஸ்தானங்கள் ஒன்றானதற்கும், அவற்றின் அஞ்சல் முடிவுற்றதற்கும் சாதாரண மக்களின் கைபட்ட சான்றுகளாக எஞ்சியிருப்பவை இவையே. இவற்றிற் போலி கலந்தால் வரலாறே கலங்கும்.

பிழை எவ்வாறு பிறக்கிறது

போலியை அறிய வேண்டுமாயின் உண்மையான பிழை எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். மேலச்சுக்கு உலோக அச்செழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்து, தாளிலுள்ள தலைகளுக்கு எதிரெதிரே அமையுமாறு பாரம் கட்டுவர். ஒவ்வொரு தலைக்கும் தனித்தனியே எழுத்துக் கோக்கப்படுவதால், ஓரிடத்தில் நேர்ந்த பிழை, திருத்தப்படும் வரை, ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் வரும். 1949 அரை அணா மேலச்சில், 'அணா' என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்துக்கள் நான்கில் முதல் இரண்டும் இடம் மாறி, 'நானா' என்று படிக்கும்படி அமைந்த தலை ஒன்று உண்டு. நான்கு பை மேலச்சில், 'நான்கு' என்ற ஆங்கிலச் சொல்லின் ஈற்றெழுத்தாகிய 'ஆர்' இருக்க வேண்டிய இடத்தில் 'பி' அமைந்த பிழையும் உண்டு.

இவற்றினும் நுட்பமானது, 'அரை' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாகிய 'எச்' தலைகீழாகக் கோக்கப்பட்ட பிழை. அவ்வெழுத்தைத் தலைகீழாக்கினும் அதே எழுத்தாகத் தோன்றுமன்றோ என்று வினவலாம். அச்செழுத்தில் அதன் குறுக்குக் கோடு சரி நடுவில் இராது. சற்று மேலே இருக்கும். தலைகீழானால் கோடு கீழே இறங்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்றைக் கையிற் கொடுத்து, கூர்ந்து நோக்கும் பழக்கத்தை மாணவரிடம் வளர்க்க இதைவிட எளிய பயிற்சி கிடைப்பது அரிது.

மேலச்சு முழுவதும் தலைகீழாக அமைவது வேறு காரணத்தால். தாளைத் தலைமாற்றி அச்சுப்பொறியில் இட்டால் அத்தாளிலுள்ள எல்லாத் தலைகளிலும் மேலச்சுத் தலைகீழாகும். அப்பொழுது பாரத்தின் முதல் மூலையில் உள்ள எழுத்துப் பிழை, தாளின் எதிர் மூலையிலுள்ள கடைசித் தலையில் விழும். இது பாரத்தின் அமைப்பினால் தவிர்க்க இயலாத விளைவு. போலி செய்கிறவரோ ஒரு தலைக்கு மட்டும் எழுத்துக் கோத்து, ஒவ்வொரு தலையாக அச்சிடுகிறார். அவருடைய சிறு வார்ப்பிலுள்ள மழுங்கலோ உடைவோ, தாளின் வெவ்வேறு இடங்களிலிருந்து பிரித்த தலைகள் அனைத்திலும் ஒன்றுபோல் காணப்படும். வெவ்வேறு இடத்திலிருந்து வந்த ஐந்து தலைகளில் ஒரே எழுத்தில் ஒரே உடைவு இருந்தால், அந்த ஐந்தும் ஒரே கையிலிருந்து வந்தவை என ஐயுறலாம்.

போலி வாணிகம்

இத்தொழில் புதிதன்று. ஜினீவா நகரில் பிரான்சுவா பூர்னியே என்பவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போலித் தலைகளையும் போலி மேலச்சுக்களையும் 'நகல்கள்' என்ற பெயரால் விலைப்பட்டியலிட்டு வெளிப்படையாகவே விற்றார். அவர் 1917-இல் இறந்தபின், எஞ்சிய சரக்கினை ஜினீவாச் சேகரிப்போர் சங்கம் வாங்கி, பிறர் பார்த்து அறிவதற்கென ஆல்பங்களாகத் தொகுத்தது, மிகுதியை அழித்தது. போலியை அறியப் போலியையே பாடநூலாக்கிய அச்செயல் பாராட்டற்குரியது.

நம் தமிழகக் கரையில் இதற்கு இணையான துறைமுகம் புதுச்சேரி. 1940 செப்டம்பரில், ஆளுநர் லூயி போன்வென் தலைமையில் பிரெஞ்சிந்தியா டிகோலின் சுதந்திரப் பிரான்சுடன் சேர்ந்தது. பிரான்சிலிருந்து தலைகள் வரும் வழி அடைபட்டதால், கையிருப்பிலுள்ள பனம்-காசுத் தலைகளின்மேல் 'சுதந்திரப் பிரான்சு' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொற்கள் 1941 முதல் புதுச்சேரியிலேயே அச்சிடப்பட்டன. சிற்றளவில் அச்சானவை பல. ஆகவே விலையும் மிகுந்தது. விலை மிகுந்ததால் போலிகளும் மிகுந்தன. திருவிதாங்கூருக்கும் புதுச்சேரிக்கும் அரசியல் வேறாயினும் அச்சகத்தின் நிலை ஒன்றே: உள்ளூர் எழுத்து, உள்ளூர் மை, அவசரம்.

மேலச்சுப் போலிக்கு நாடறிந்த சான்று 1948 ஆகஸ்டு 15-ஆம் நாள் வெளியான காந்தியடிகள் தலைகளாகும். சுவிட்சர்லாந்தில் அச்சான அத்தலைகளுள், 'சர்வீஸ்' என்ற மேலச்சுடன் கவர்னர்-ஜெனரல் அலுவலகப் பயனுக்கென அமைந்தவை நூறு வரிசைகளே. அவற்றுள் பத்து ரூபாய்த் தலை உலகின் அரும் தலைகளுள் ஒன்று. 2017-இல் அத்தகைய நான்கு தலைகளின் கோவை ஐந்து லட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. மேலச்சில்லாத பத்து ரூபாய்த் தலையோ விலை மதிப்புடையதாயினும் கடைகளிற் கிடைப்பது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சொல். அந்த ஒரு சொல்லைப் பதிக்க முயன்றவர் எத்தனை பேர் இருப்பர் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

சோதனை முறைகள்

முதற் சோதனை, மேலச்சும் முத்திரையும் குறுக்கிடும் இடத்தைப் பற்றியது. மேலச்சு, தலை விற்பனைக்கு வருமுன் இடப்படுவது. தேதி முத்திரை, கடிதம் கையாளப்படும்பொழுது குத்தப்படுவது. ஆகவே உண்மைத் தலையில் முத்திரையின் மை மேலும், மேலச்சின் மை கீழும் இருத்தல் வேண்டும். பயன்பட்ட மலிவுத் தலையில் பின்னர் மேலச்சிட்டால் இம்முறை மாறும். ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இரண்டு மைகளும் கருமையாயின், எது அதிகக் கருமையோ அதுவே மேலிருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும், இஃது ஒளிமயக்கம். நேரே மேலிருந்து நோக்காமல், விளக்கைத் தாளின் ஓரத்துக்குத் தாழ்த்திச் சாய்ந்த ஒளியில் நோக்கினால், மையின் பளபளப்பும் மேடும் எது தொடர்ந்து செல்கிறது, எது தடைபடுகிறது என்பதைக் காட்டும். அப்பொழுதும் தெளியாவிடில் முடிவு கூறாமல் விடுவதே முறை.

அடுத்து, அச்சின் தன்மை. உலோக எழுத்து காகிதத்தை அழுத்தும்பொழுது மை நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுங்கி, எழுத்தின் விளிம்பில் கருங்கரையாக நிற்கும். தாளின் பின்புறத்தில் சிறு புடைப்பும் தெரியலாம். கல்லச்சிலும் ரப்பர் முத்திரையிலும் இந்த அழுத்தம் இராது. கணினி அச்சுப்பொறிகள் வந்த பின் போலி செய்வாருக்குப் புதிய கருவி கிட்டியுள்ளது. ஆனால் அதுவும் தடம் விட்டே செல்கிறது. லேசர் அச்சில் கரித்தூள் உருகி, காகிதத்தின்மேல் பளபளக்கும் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். எழுத்தைச் சுற்றிச் சிதறிய துகள்களும் காணப்படும். மை தெளிக்கும் அச்சில் எழுத்தின் ஓரம் இழைவழி ஓடி மயிர்போல் பிரிந்திருக்கும். பழைய அச்சு மை ஆளிவிதை எண்ணெயில் கரியைக் குழைத்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வெண்ணெய் காகிதத்தில் பரவி, சில தலைகளின் பின்புறத்தில் எழுத்தின் நிழல்போல் மஞ்சட் கறையாகப் படியும். நேற்று அச்சிட்ட எழுத்துக்கு இந்த நிழல் இராது. ஆயினும் எல்லா உண்மைத் தலையிலும் இது தோன்றும் என எதிர்பார்த்தல் தவறு.

அளத்தல் மூன்றாவது. கண்ணால் ஒப்பிடுவதைவிட, ஒரு அங்குலத்துக்கு 1200 புள்ளி அளவில் வருடி மூலம் படமெடுத்து, ஐயத்துக்கிடமற்ற தலையின் படத்தை அதன்மேல் வைத்துப் பார்ப்பது நலம். சொல்லின் நீளம், வரிகளின் இடைவெளி, ஆங்கில வரிக்கும் மலையாள வரிக்கும் உள்ள தூரம் ஆகிய மூன்றும் பெரும்பாலான போலிகளைக் காட்டிக் கொடுத்துவிடும். போலி செய்கிறவர் ஆங்கில எழுத்துக்கு ஒத்த அச்செழுத்தைத் தேடிப் பெற்றுவிடுவார்; பழைய மலையாள அச்செழுத்தின் வளைவுகளிற்றான் பெரும்பாலும் சறுக்குவார். மலையாள எழுத்தறிந்த ஆசிரியர்கள் எல்லைப் பகுதிகளில் உள்ளனர். அவர்களுடைய கண் இங்குப் பெரிதும் பயன்படும்.

நான்காவது, புற ஊதா விளக்கு. ரூபாய் நோட்டைச் சோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் சிறு விளக்கே போதும். காகிதத்தை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வேதிப் பொருள்கள் 1950-ஆம் ஆண்டுகளுக்குப் பின்னரே பரவலாயின. ஆகவே அதற்கு முந்திய உறையோ தாளோ இருட்டில் நீலமாக ஒளிர்ந்தால் அது பின்னாட் காகிதம் என்று ஐயுறலாம். சலவைத்தூள் கலந்த நீரில் கழுவப்பட்ட பழந்தலையும் அவ்வாறே ஒளிரும். எனவே இச்சோதனை ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்பளித்தல் கூடாது.

மை கரைகிறதா என்று சாராயத்தையோ நெயிலையோ தொட்டுத் தேய்த்துப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இதனை ஒருபொழுதும் செய்யலாகாது. தலை உண்மையானதாயினும் போலியானதாயினும் அச்சோதனையால் சான்று கெட்டுவிடும்.

கடைசியாக, தேதி. 1949 ஜூலை முதல் நாளுக்கு முந்திய முத்திரையை அணா மேலச்சுத் தலையில் கண்டால் மேலும் ஆராய வேண்டுவதில்லை. முத்திரையில் கொல்லம் ஆண்டு குறிக்கப்பட்டிருப்பின் அதனைக் கிறித்துவ ஆண்டாக மாற்ற, சிங்கத் திங்களில் ஆண்டு பிறப்பதைக் கருதி 824 அல்லது 825 கூட்டுதல் வேண்டும். கொல்லம் 1124-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியிலேயே, மிதுனத் திங்களில், அந்த ஜூலை முதல் நாள் வந்தது. இதனை நோக்காது 825-ஐக் கூட்டி 1949 எனக் கொண்டு, 1124-இன் தொடக்கத் திங்களில் குத்திய முத்திரையையும் பொருத்தமென ஏற்றுவிடுவோர் உளர். அத்தேதி உண்மையில் 1948-ஐச் சேர்ந்தது.

உறையினின்று பிரிக்கற்க

இந்தச் சோதனைகளுள் பாதி, தலை தன் உறையிலேயே இருக்கும்பொழுதுதான் முழுப் பயன் தரும். உறையில் அனுப்பிய ஊரும், சேர்ந்த ஊரும், இரு தேதிகளும், பின்புறத்தில் சேர்விட முத்திரையும் உள்ளன. முத்திரை தலையின் ஓரம் கடந்து உறையின்மேலும் தொடர்ந்தால், தலை பின்னர் ஒட்டப்பட்டதன்று என்பதற்கு அது நல்ல சான்று. செலுத்திய கட்டணம் அக்கால வீதத்துக்கு ஒத்ததா என்றும் கணக்கிடலாம். தலையை நனைத்து உரித்தெடுத்த மறுகணமே இவையனைத்தும் அழிந்து, நான்கு எழுத்துக்கள் கொண்ட ஒரு துண்டுக் காகிதம் மட்டும் எஞ்சுகிறது. அந்நிலையில் உண்மைத் தலையைக்கூட உண்மை என்று நிறுவுதல் கடினமாகிறது.

பள்ளிகளில் தபால் தலைக் கழகம் நடத்தும் ஆசிரியர்கள், தலையை நீரில் ஊறவைத்து உரிப்பதையே முதற் பாடமாகக் கற்பிப்பது வழக்கமாக இருந்து வருகிறது. இன்றைய பொதுத் தலைகளுக்கு அது பொருந்தலாம். நாகர்கோவில், தக்கலை, செங்கோட்டைப் பகுதிகளிலுள்ள பழைய வீடுகளின் பெட்டியிலிருந்து மாணவர் கொணரும் சங்கு முத்திரை உறைகளுக்கு அது பொருந்தாது. நிலப் பத்திரங்களுடனும் ஜாதகக் கட்டுக்களுடனும் கிடக்கும் இவ்வுறைகளைக் களப் பணியாளர் பிற ஆவணம் தேடிச் செல்லும்பொழுதே காண நேரிடும்.

அவ்வாறு கிடைக்கும் உறையை ஒட்டு நாடாவாலோ பசையாலோ தாளில் ஒட்டுதல் கூடாது. கம்பி ஊசியும் கூடாது, துரு ஏறும். அமிலமற்ற வெள்ளைத் தாளில் மடித்து, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் படுக்கையாக வைத்தல் போதும். மடிப்புப் பிரியாத உறையை வலிந்து விரிக்க வேண்டா. முன்புறம், பின்புறம் இரண்டையும் அருகில் ஓர் அளவுகோல் வைத்துப் படமெடுத்தல் வேண்டும். தனியொரு சீட்டில் பென்சிலால் கீழ்க்கண்டவற்றை எழுதி உடன் வைத்தல் வேண்டும்: உறை கிடைத்த ஊர், கிடைத்த நாள், எவ்வகைக் கட்டில் எவ்வாவணங்களுடன் இருந்தது, அனுப்பிய அஞ்சல் நிலையத்தின் பெயர், சேர்ந்த நிலையத்தின் பெயர், முத்திரைத் தேதிகள் உள்ளவாறே, தலையின் கீழ் விலை, மேலச்சு விலை. உள்ளே கடிதம் இருப்பின் அதனை உறையினின்று பிரித்து வேறிடத்தில் வைக்காமல், உடையவரின் இசைவு பெற்றே படித்தலும் படியெடுத்தலும் செய்தல் வேண்டும்.